சாமி நம்பிக்கை இல்லை, ஆனாலும் கோயிலுக்குப் போகிறார்கள்: குடும்பத்துக்காக மதம், பலன் யாருக்கு? விலை யாருக்கு?

"சாமி மேல பெரிய நம்பிக்கை எல்லாம் இல்ல. வீட்ல சந்தோஷப்படுவாங்க, அதான் போறேன்." வேலைக்காக வெளியூரில் இருக்கும் இளைஞர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. இது வெறும் வேஷமா?

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் 97%. ஆனால், 'கடவுளை நம்பாதவர் இந்துவாக இருக்க முடியாது' என்று சொன்ன இந்துக்கள் 49% மட்டுமே. மாட்டிறைச்சி சாப்பிடுபவர் இந்துவாக இருக்க முடியாது என்றவர்களோ 72%. மனசுக்குள் என்ன நம்புகிறோம் என்பதைவிட, நாலு பேர் நடுவில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் பலருக்கும் முக்கியம்.

பலன் நிஜமா?

நிஜம்தான். ஆய்வாளர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வின்படி, வழிபாட்டுக்குப் போகிறவர்களின் வாழ்க்கைத் திருப்திக்குப் பெரிய காரணம், அங்கே கிடைக்கும் நெருங்கிய நண்பர்கள். டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் தமிழ்க் குரல்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும். புது ஊரில் பேச ஆள், வாடகை வீட்டுக்கு விசாரிக்க ஒருவர், அவசரத்துக்கு ஓடிவர நாலு பேர். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

அப்போ பிரச்சனை எங்கே?

அரவணைக்கும் அதே கூட்டம்தான் வேலியும் போடுகிறது. தங்கள் மதப் பெண்கள் வேறு மதத்தில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று பியூ ஆய்வில் 67% இந்துக்களும் 80% முஸ்லிம்களும் சொன்னார்கள். ஆண்கள் விஷயத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

சட்டமும் இதில் வருகிறது. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய 30 நாள் முன்னறிவிப்பு தேவை. அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும். கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இந்து, இந்தச் சட்டத்தின் கீழ் முஸ்லிமையோ கிறிஸ்தவரையோ மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகவே கருதப்படுவார். சொத்துரிமை போய்விடாது, ஆனால் 'நீ தனி' என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

போவதா, வேண்டாமா என்பதைவிட, இந்த ஒற்றுமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. பண்டிகை நாளில் விடியற்காலையில் எழுந்து சமைப்பது யார்? காதலைச் சொல்லப் பயப்படுவது யார்? சடங்கைத் தேவைக்கேற்ப மாற்றவும் முடியும்: புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாடு 1967லேயே சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அம்மாவுக்காகக் கோயிலுக்குப் போகலாம். நாளைக்கு தங்கை வேறு மதத்தவரைக் காதலிக்கிறேன் என்று வந்து நின்றால், அவள் பக்கம் நிற்க நாம் தயாரா என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.