முதல் நாவலும் தோழமையும்

முதல் நாவலை எழுதி முடித்தவனுக்கு வேண்டியது யாது? பாராட்டு என்பார் பலர். பணம் என்பார் சிலர். இரண்டும் வேண்டியவைதாம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக அவனுக்கு வேண்டியது, தன்னைப்போலவே முதல் நாவலோடு அல்லாடிக்கொண்டிருக்கும் இன்னொருவனின் துணை என்பதே என் துணிபு.

தில்லியில் பயிலும் நம் தமிழ் மாணவர்களுள் மூவருடைய முதல் நாவல்கள் சென்ற பன்னிரண்டு மாதங்களுக்குள் அச்சேறியிருக்கின்றன. அம்மூவருள் நானும் ஒருவன். இதனை முன்னிட்டுப் பாராட்டு விழா ஒன்று எடுக்க நம் சங்கம் எண்ணியிருப்பதாக அறிகிறேன். செயற்குழுவினரின் அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் அவ்விழா வேண்டாம் என்று வாதாடவே இதனை எழுதுகிறேன். மற்ற இருவரும் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். வரட்டும்! அவர்களுள் ஒருவருக்குப் பொன்னாடை மீது எனக்கில்லாத பற்று உண்டு.

1935ஆம் ஆண்டின் கதையொன்றைக் கேளுங்கள். மைசூரிலிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். பதிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். மனம் சலித்த அவர், ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு, கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதிவிட்டார். நண்பரோ எறியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் அப்பொழுது முப்பதை ஒட்டிய வயதினர். அவருடைய முதல் நாவல் வெளிவந்ததே 1929இல்தான். அவர் படித்தார், ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார். ‘சுவாமியும் நண்பர்களும்’ பிறந்தது. நாராயணசுவாமியும் ஆர். கே. நாராயண் ஆனார்.

இதுவரையில் பலரும் அறிந்த கதை. என் உள்ளத்தைத் தொடுவது அதற்கு அடுத்த பகுதி. அந்த நாவல் விற்கவில்லை. இரண்டாவது நாவல் 1937இல் வேறொரு பதிப்பகத்தில், மூன்றாவது 1938இல் இன்னொரு பதிப்பகத்தில். முதல் நூலோடு முடிந்துபோயிருக்க வேண்டிய எழுத்தாளரை விடாமல் பற்றிக்கொண்டவர் கிரீன். பிரதியைப் படித்தார், திருத்தினார், இரண்டாவது நாவலுக்கு முன்னுரையும் எழுதித் தந்தார். இவ்வளவும் கடிதத்தின் மூலமே! இருவரும் நேரில் சந்தித்தது 1956இல்தான். எங்கே மாலை? எங்கே மேடை?

அதே 1935இல் வெளிவந்ததுதான் முல்க்ராஜ் ஆனந்தின் ‘தீண்டத்தகாதவன்’. 19 பதிப்பாளர்கள் மறுத்த நூல் அது, இ. எம். பார்ஸ்டரின் முன்னுரையோடு அச்சேறியது. தம் பிரதியைக் காந்தியடிகளிடம் காட்டி, அவர் கருத்துப்படி வெகுவாகக் குறைத்ததாக ஆனந்தே கூறியிருக்கிறார். வெட்டச் சொல்லவும் ஒருவர் வேண்டும் அல்லவா?

தொலைவுக்குப் போவானேன்? இதே தில்லி மாநகரில் 1965இல் கி. கஸ்தூரிரங்கன் ‘கணையாழி’யைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமன், இளைஞரான ஆதவன் முதலியோர் எழுதிய ஏடு அது. ஜானகிராமன் 1982இல் மறைந்தபின் அவர் நினைவாகக் குறுநாவல் போட்டி நடத்திப் புதிய பேனாக்களுக்கு இடம் தந்ததும் அவ்வேடே. பின்னாளில் அது சென்னைக்குப் போயிற்று. நம் வளாகங்களில் அதன் பிறப்பிடம் தில்லி என்று அறிந்தவர் எத்தனை பேர்?

இன்றைய நிலைக்கு வருவோம். முன்பு ஆயிரம் பிரதிகள் அச்சிட்டுப் பரணில் அடுக்கினார்கள். இன்று நூறு பிரதி வேண்டுமானாலும் அச்சிட்டுத் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் செம்மை செய்வார் எவருமில்லை. என் நாவலை வெளியிட்டவர் என்னிடமே பணம் பெற்றுக்கொண்டார். மெய்ப்புத் திருத்துவோர் உண்டா என்று கேட்டதற்கு, “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி” என்றார். பார்த்துக்கொண்டவர் நானல்லேன், மூவருள் ஒருவரான தோழி. தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்தபோது உட்கார்ந்து, ஒற்றுப்பிழை மட்டும் இருநூற்றுக்கு மேல் களைந்தார். மற்ற நண்பரின் நாவலில் பாட்டியின் இறுதிச்சடங்கு நாற்பது பக்கம் நடந்தது. சிவப்புப் பென்சிலால் முப்பதை நான் அடித்துக் கொடுத்தேன். பதினைந்து நாள் உணவுக்கூடத்தில் என் மேசைப் பக்கமே அவர் வரவில்லை. அச்சான நூலில் பாட்டி ஒன்பது பக்கத்தில் காடு சேர்கிறாள். படித்தவர்கள் எல்லாரும் கண்ணீர் வடிப்பது அந்த ஒன்பது பக்கத்தில்தான்.

மூவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் நூலுக்கு மற்றவர் எந்த ஏட்டிலும் மதிப்புரை எழுதுவதில்லை. அச்சுக்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், திருத்தலாம். அச்சான பிறகு வாயைத் திறக்கலாகாது. நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகைச் சொறிகிறேன் என்னும் கலையில் நம் இலக்கிய உலகம் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருக்கிறது. அதற்கு நாங்கள் வேறு தேவையில்லை.

“உங்களுக்குள் போட்டி இல்லையா?” என்று கேட்கிறார்கள். ஏன் இல்லை? சாகித்திய அக்காதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் வழங்கி வருகிறது. மொழி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பரிசு. ஆசைப்படும் நாங்களோ மூவர். அது நண்பருக்குக் கிடைத்தால் என் உள்ளம் பூரிக்கும் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வராது. ஆயினும் அவருடைய அடுத்த பிரதி வந்தால் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவேன். பொறாமை அற்றவன்தான் உதவவேண்டும் என்றால் எழுத்துலகில் உதவி என்பதே நடவாது.

ஆகவே செயற்குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. பொன்னாடைக்கும் மேடைக்கும் ஆகும் பணத்தில் மூன்று நாவல்களையும் விலைக்கு வாங்கி விடுதிகளுக்குக் கொடுங்கள். இலவசப் பிரதி கேளாதீர்கள். பின்னர் நாவல் ஒன்றுக்கு ஒரு மாலை கூடுவோம். படித்தவர் மட்டுமே பேசவேண்டும்; எழுதியவர் வாய்பொத்தி உட்காரவேண்டும். குறை சொல்லுங்கள், பக்க எண்ணோடு சொல்லுங்கள்.

பெட்டிக்குள் நாவலைப் பூட்டி வைத்திருக்கும் தோழர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருப்பதை அறிவேன். அச்சகத்துக்குப் போகுமுன் எங்களிடம் கொண்டுவாருங்கள். ஞாயிறு மாலைகளில் மூவரும் ஓய்வாகவே இருக்கிறோம். கையெழுத்து மட்டும் சற்றுத் தெளிவாக இருக்கட்டும்.

விழாவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று பொருளாளரைக் கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை விடை வரவில்லை.