சித்திரையில் குதிர் காலியாகக் கூடாது!



நம்ம சங்கக் கட்டடத்தின் பின்னறையில் இருக்கிற தானிய வங்கியின் நிலைமையைச் சொல்லத்தான் இந்தத் தடவை தலையங்கம். போன வாரம் நிர்வாகக் குழு உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. கையிருப்பு 31 மூட்டை நெல். நம்ம நாலு ஊரிலும் பதிந்திருக்கிற குடும்பங்கள் 58. குடும்பத்துக்கு மாசம் ஒரு கலம் வீதம் சித்திரை, வைகாசி, ஆனி மூணு மாசத்துக்கும் கொடுக்க 174 கலம் வேண்டும். இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக, 87 மூட்டை. 56 மூட்டை குறைகிறது!

இருக்கிறதை வைத்துக் கொடுத்தால் சித்திரை மட்டும்தான் தாண்டும். வைகாசியில் பையோடு வருகிறவர்களிடம் "இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. உங்களுக்கு வருமா?

எதுக்கு இந்த வங்கி?

2002, 2003, 2004 மூணு வருசமும் மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறக்கவில்லை. குறுவை போச்சு. சம்பாவும் தடுமாறியது. கடைமடைக்காரன் பட்ட பாட்டை நடுத்தர வயசுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அப்போதுதான் நம்ம ஊரில் பதினோரு பேர் ஆளுக்கு ஒரு மூட்டை நெல் போட்டு இதை ஆரம்பித்தோம். சட்டம் எளிது. வேலை இல்லாத மாசத்தில் ஒரு கலம் வாங்கு, தை மாசம் ஒரு கலமாகவே திருப்பிக் கொடு. வட்டி கிடையாது. சாட்சிக் கையெழுத்து கிடையாது.

கோடையில் மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கடி என்று கேட்கலாம். சம்பா அறுப்பு மாசியோடு முடிந்தது. உளுந்து, பயறு எடுப்பு பங்குனியோடு சரி. அதற்கப்புறம் மேட்டூரைத் திறந்து, தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்து, நாற்றுப் பறிக்கிற வரைக்கும் வயலில் கூலி வேலை கிடையாது. 2024ல் அணை திறந்ததே ஜூலை 28ல்தான். அந்த வருசம் ஆடி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 100 நாள் வேலையாவது கை கொடுக்கும் என்று பார்த்தால், வேலை செய்த கூலியே வரவில்லை. தமிழ்நாட்டுக்கு 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 மார்ச்சில் ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா?

இதே மாசங்களில்தான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. மற்ற நாளில் பிள்ளைகள் மதியம் சத்துணவு சாப்பிடும். இப்போது காலை உணவும் உண்டு. லீவு விட்டால் இரண்டு வேளையும் வீட்டுப் பானையில்தான் விழும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மதிய உணவு "பள்ளி விடுமுறை நாள் நீங்கலாக" என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை வயிற்றுக்கு ஏதய்யா விடுமுறை?

ரேஷன் அரிசி இல்லையா?

"இலவச அரிசிதான் வருதே, இன்னும் எதுக்குத் தானிய வங்கி?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. அது இல்லாவிட்டால் நம்ம நிலைமை இன்னும் மோசம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2013 சட்டம் சொல்வது ஆளுக்கு மாசம் 5 கிலோ. ஒரு நாளைக்கு 166 கிராம். மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கே அது பத்துமா? ஒரு கலம் நெல்லைக் குத்தினால் பதினெட்டு கிலோ அரிசி தேறும். ரேஷன் அரிசி தீர்ந்த பிறகு மாசக் கடைசியில் அடுப்பு எரிவது அதில்தான்.

கூலி நெல் எங்கே போச்சு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்ம மனசாட்சியைத் தொடுகிற விஷயம்.

என் அப்பா காலத்தில் அரிவாள் அறுப்பு. அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றிக் கொடுத்தால் கூலியை நெல்லாகவே அளந்தோம். தை முடியும்போது கூலிக்காரர் வீட்டுக் குதிரிலும் நாலு கலம், ஆறு கலம் நெல் கிடக்கும். அதுதான் அவர்களுக்குச் சித்திரை, அதுதான் வைகாசி. அந்த நெல்லும் சும்மா கிடைத்ததில்லை. கூலி உயர்வுப் போராட்டம் நடந்த நாட்களில்தான் 1968 டிசம்பர் 25ந் தேதி கீழ வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தப் படி நெல்லுக்கு அவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு அறுவடை மெஷின் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் ஏக்கர் அறுத்து, நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மெஷின் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நானும் மெஷின் வைத்துத்தான் அறுக்கிறேன். மழை மிரட்டும்போது வேறு வழி இல்லை. ஆனால் அன்றைக்குக் களத்திலிருந்து கூலிக்காரர் வீட்டுக்குப் போன நெல், இன்றைக்கு வாடகைப் பணமாக ஊரை விட்டுப் போகிறது. நம்ம நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அவர்கள் குதிர் காலியாகக் கிடக்கிறது. தையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய நெல் இந்தத் தடவை பாதிதான் வந்தது என்று சிலர் குறைப்படுகிறார்கள். அறுப்பு வேலையே இல்லாதவர்கள் எங்கேயிருந்து நெல்லைக் கொண்டு வருவார்கள்?

ஆகவே தானிய வங்கிக்கு நாம் அளக்கிற நெல்லைத் தர்மம் என்று யாரும் சொல்லாதீர்கள். களத்தில் அளக்காமல் விட்டதை இங்கே அளக்கிறோம், அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு நாள்

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போன வருசம் ஆனி மாசம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். நம்ம சங்க உறுப்பினர் ஒருத்தர், ஆறு மா சாகுபடிக்காரர், கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, வாசல் லைட்டைக் கொஞ்சம் அணைங்க" என்றார். நெல்லை அளந்தேன். "பேரை எழுதித்தான் ஆகணுமாண்ணே?" என்றார். எழுதினேன். ஆனால் அன்றையிலிருந்து பலகையில் பேர் போடுவதை நிறுத்திவிட்டோம். எத்தனை கலம் வந்தது, எத்தனை கலம் போனது என்ற கணக்கு மட்டும்தான் பலகையில். நிலம் இருக்கிறவனுக்கும் நிலம் இல்லாதவனுக்கும் நடுவே இருப்பது ஒரு போகம்தான் என்பதை அந்த ராத்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

நாம் செய்ய வேண்டியது

தைப் பொங்கலுக்குக் கேட்டால் எல்லாரும் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அப்போதுதான் பணம் அனுப்புகிறார்கள். சித்திரையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, நகைக்கடன் வட்டி என்று எல்லார் கையும் இறுகிவிடுகிறது. வங்கிக்குத் தேவை வருவதோ இப்போதுதான்!

வழி இருக்கிறது. நாலு ஊரிலும் நம்ம உறுப்பினர்கள் உழுகிற நிலம் ஏறத்தாழ 450 ஏக்கர். 1,350 மா. மாவுக்கு ஒரு மரக்கால் அளந்தால் 112 கலத்துக்கு மேலே வந்துவிடும். 56 மூட்டை! குறைகிற கணக்கு அங்கேயே நேராகிவிடும். மூணு ஏக்கர்க்காரர் கொடுக்க வேண்டியது ஒன்பது மரக்கால், முக்கால் கலம்தான். நெல்லை எல்லாம் விற்றாச்சு என்கிறவர்கள் மரக்காலுக்கு 60 ரூபாய் கொடுங்கள். 2025-26ல் அரசு கொடுத்த கொள்முதல் விலையான குவிண்டாலுக்கு 2,500 ரூபாயை வைத்துப் போட்ட கணக்கு இது. குத்தகைக்காரர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும். மூணு மாவுக்குக் கீழே உள்ளவர்கள் கொடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு காலை முதல் இளைஞர்கள் மரக்காலோடு தெருத் தெருவாக வண்டி கொண்டு வருவார்கள். ரசீது உண்டு. போட்டோ எடுப்பது, மாலை போடுவது எதுவும் கிடையாது.

அரசு செய்ய வேண்டியது

நாம் அளக்கிறோம் என்பதற்காக அரசு கையைக் கழுவிக்கொள்ள விடமாட்டோம்! சுவாமிநாதன் கமிஷன் அறிக்கை என்றால் கட்டுப்படியான விலை என்று கோஷம் போடுகிறோம். போடத்தான் வேண்டும். 2004 முதல் 2006 வரை வேலை செய்த அதே கமிஷன், மகளிர் குழுக்கள் நடத்துகிற உணவு வங்கி, தண்ணீர் வங்கி ஊர்தோறும் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளியில் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டது. ஆகவே நம்ம கோரிக்கைகள்:

1. கோடை விடுமுறையிலும் சத்துணவுக் கூடங்களைத் திறந்து பிள்ளைகளுக்குச் சோறு போடு!

2. ஊர்த் தானிய வங்கிகளுக்கு அரசுக் கிடங்கிலிருந்து ஆண்டுதோறும் பங்குனியில் நெல் கொடு!

3. ஊரக வேலைக்குப் பதினைந்து நாளுக்குள் கூலி கொடு! பழைய பாக்கி வைக்காதே!

4. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருகிற வரை விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடு!

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் இந்த மனுவைக் கொடுக்கிறோம். நாலு ஊரிலிருந்தும் விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்தே வாருங்கள். காலை எட்டு மணிக்குச் சங்க வாசலில் கூடுவோம்.

உழுதவன் நாம், நட்டவர்கள் அவர்கள். ஒரே வரப்பில் நின்றுதான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். வைகாசியில் அந்தக் கதவு சாத்தக் கூடாது!

மாவுக்கு ஒரு மரக்கால் அளப்போம்!
மனுவோடு ஆட்சியர் வாசலுக்குத் திரள்வோம்!
வாரீர்! வாரீர்!

தோழமையுடன்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்