ஜேசன் யார் வீட்டுச் சொத்து?

‘ரசிகர் படம்தானே, ஓசியில வர்றது’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்குத்தான் இது. ஃப்ரைடே தி தேர்ட்டீன்த் வரிசையில் 1980 முதல் 2009 வரை 12 படங்கள். அப்புறம் வழக்கு. முதல் படத்தின் திரைக்கதையை எழுதிய விக்டர் மில்லர் தன் உரிமையைத் திரும்பக் கேட்டார். 2021இல் மேல்முறையீட்டிலும் அவரே ஜெயித்தார். ஆனால், அவர் எழுதிய கதையில் கொலைகாரி ஜேசனின் அம்மா. ஜேசன் ஏரியில் மூழ்கிய பையன், அவ்வளவுதான். ஹாக்கி முகமூடி 1982இல், மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. முகமூடி போட்ட ஜேசன் யாருக்குச் சொந்தம் என்பதை நீதிமன்றம் தீர்க்கவே இல்லை.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்த 2017இல் வின்சென்டே டிசான்டி ரசிகர்களிடம் காசு திரட்டி ‘நெவர் ஹைக் அலோன்’ எடுத்து யூட்யூபில் இலவசமாக விட்டார். தனியாக நடைபயணம் போகிறவன் பாழடைந்த முகாமுக்குள் நுழைகிறான். பிண எண்ணிக்கையை நம்பாமல் தனிமையை வைத்தே பயமுறுத்துகிற படம். கடைசியில், 1986இன் ஆறாம் பாகத்தில் டாமி ஜார்விஸாக நடித்த தாம் மாத்யூஸ் அதே டாமியாக வருகிறார். எனக்குப் புல்லரித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

நான் கோட் எழுதுகிறவன். கைவிடப்பட்ட ப்ராஜெக்டை யாராவது ஃபோர்க் செய்து ஓடவைத்தால் நன்றி சொல்வோம். லைசென்ஸ் விஷயம் வேறதான், தெரியும். ஆனால் வக்கீல்கள் ஜேசனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது அவனை நடமாடவிட்டது யார்? அவர்களைப் போய் திருடன்னு சொல்றீங்களே!