அப்பாவிடம் யார் கேட்பது?

வானொலியில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். புரோஸ்டேட் புற்றுநோய் பற்றிக்கூட ஒரு காலை நிகழ்ச்சியில் மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேள்வி கேட்டிருக்கிறேன். "அப்பாக்களே, வெட்கப்படாம டாக்டரைப் பாருங்க" என்று அன்று முடித்தேன். அதே நேரத்தில் தைப்பிங் வீட்டில், சாலை வரி கடிதங்களுக்கு அடியில், என் அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் கிடந்திருக்கின்றன.

அலமாரியைத் துடைக்கும்போது அம்மா கண்ணில் பட்டது. மூன்று தாள்கள். பிஎஸ்ஏ அளவு 2022-இல் 3.8, அடுத்த ஆண்டு 4.9, கடைசியாக 7.1. அப்பாவுக்கு வயது 68.

அம்மா படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நாலைத் தாண்டினாலே ஆபத்து" என்று ஜொகூரிலிருந்து அண்ணன். சௌசாப் இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லி அத்தையின் குரல் பதிவு. நான் இரவு இரண்டு மணிவரை இணையத்தைத் துழாவினேன். அந்தக் குழுவில் அப்பாவும் இருக்கிறார் என்பது யாருக்கும் நினைவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார்.

பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம். அது கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் ஏறும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும். 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆனால் மூன்று முறையும் ஏறுமுகம் என்றால் சும்மா விடவும் முடியாது.

ஈப்போவில் சிறுநீரியல் மருத்துவரைப் பார்க்க நான்தான் காரோட்டினேன். சுங்கை பேராக் ஓய்விடத்தில் அப்பா நிறுத்தச் சொன்னார். புறப்பட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அறைக்குள் மருத்துவர், "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு..." என்று இழுத்தார். எனக்குப் புரிந்தது. தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

நான் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் சொன்னதையெல்லாம் அம்மாதான் பிறகு சொன்னார். இரவில் நான்கு தடவை எழுகிறாராம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலாம். சென்ற ஆண்டு ஜொகூரில் நடந்த கல்யாணத்துக்கு வராததும் அதனால்தான். பஸ்ஸில் அத்தனை மணி நேரம் எப்படி உட்காருவது? நாங்களோ, சொந்தக்காரர்களை மதிக்கவில்லை என்று அவரிடம் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இரத்தம் கொடுக்கப் போன அன்று அப்பா வழக்கம்போல சைக்கிளில் போயிருக்கிறார். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சைக்கிள் வேண்டாம் என்றார் மருத்துவர், அதுவும் எண்ணை ஏற்றிவிடலாமாம். சாப்பிடும் மருந்துகளையும் விசாரித்தார். புரோஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் தரும் ஃபினாஸ்டரைட் நேர்மாறானது. நாளடைவில் அது பிஎஸ்ஏ-யைப் பாதியளவு குறைத்துக் காட்டும். உங்கள் வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிறுநீரில் தொற்று இருந்தது. மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். 6.6. குறைந்திருக்கிறது, ஆனால் போதாது. அடுத்து எம்.ஆர்.ஐ. அதைப் பார்த்த பிறகுதான் சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம்.

இப்போது அப்பாவே குழுவில் எழுதுகிறார்: "எம்.ஆர்.ஐ. 14-ஆம் தேதி. சௌசாப் இலை யாரும் அனுப்ப வேண்டாம்."

கிளம்பும்போது மருத்துவர் அண்ணனைப் பற்றியும் கேட்டார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், மகனுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காம். அண்ணனுக்கு வயது 42. அவருக்குத் தனியாக அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. இந்த வாரம் நேரிலேயே போய்க் கேட்கப் போகிறேன்.