டில்லியைப் போலக் கட்டுவோமா?

திருமணம் ஒன்றின் பொருட்டு அண்மையில் இராஜபாளையம் சென்றிருந்தேன். நிக்காஹ் முடிந்த மறுநாள், அவ்வூருக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றின் ஜமாஅத்தார் தங்கள் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தனர். அன்று பேசப்பட்ட பொருள் ஒன்றே: பழைய பள்ளிவாசலை இடித்துவிட்டுப் புதியது எழுப்புவது.

அப்பள்ளியை நான் கண்டேன். கருங்கல் தூண்கள், அவற்றின்மேல் கல் உத்தரங்கள், தட்டையான மேற்கூரை, தூண்களில் கொடியும் பூவும் செதுக்கிய எளிய வேலைப்பாடு. பங்குனி வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருந்தது. ஹவுளின் படிக்கட்டுகள் பல தலைமுறைகளின் பாதம் பட்டுத் தேய்ந்து கிடந்தன.

கூட்டத்தின் நடுவே பெரியவர் ஒருவர் நாட்காட்டி ஒன்றை விரித்தார். அதில் டில்லி ஜும்ஆ மஸ்ஜிதின் வண்ணப்படம். "பாருங்கள் தம்பி, பள்ளிவாசல் என்றால் இப்படி இருக்க வேண்டும்! நம்முடையதைப் பார்த்துவிட்டு வழிப்போக்கர்கள் மண்டபமா என்று கேட்கிறார்கள்" என்றார். கூட்டம் தலையசைத்தது. சிமெண்டில் மூன்று குவிமாடங்கள், இரண்டு மினாராக்கள், அனைத்துக்கும் பச்சை வண்ணம் என்று திட்டமும் தயாராக இருந்தது.

அங்கே நான் சொன்னதையும், சொல்ல வாய்ப்பின்றி விட்டதையும் ஈண்டு எழுதுகிறேன். அவ்வூர் ஒன்றுக்காக மட்டும் எழுதவில்லை. தமிழகமெங்கும் எத்தனை கல் பள்ளிகள் இவ்வாறு மண்ணோடு மண்ணாகிவிட்டன என்பதை நாமனைவரும் அறிவோம்.

டில்லியைப் போலக் கட்ட வேண்டும் என்கிறீர்கள். நல்லது. டில்லி எவ்வாறு கட்டப்பட்டது என்று சற்றே பார்ப்போமா?

குதுப் மினாரின் அருகேயுள்ள பழைய மஸ்ஜிதிலிருந்து தொடங்குவோம். 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு அது எழுப்பப்பட்டதாக அதன் வாயிற் கல்வெட்டே கூறுகிறது. இவ்வுண்மையை மறைப்பது நமக்கு அழகன்று. இன்னொருவர் வழிபாட்டிடத்தின் கல்லில் பெருமை தேடுவதும் அழகன்று. ஆயினும் கட்டடக்கலை வரலாறு அங்கே வேறொரு செய்தியையும் எழுதி வைத்திருக்கிறது. 1199-ஆம் ஆண்டளவில் அம்மஸ்ஜிதின் முன்னே நிறுத்திய வளைவுகள் மெய்யான வளைவுகள் அல்ல. கட்டியவர்கள் உள்ளூர்க் கல்தச்சர்கள். வளைவு வேண்டும் என்று ஆணை வந்தது. அவர்களோ தாம் அறிந்த முறையில் கல்லின்மேல் கல்லை அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் சற்றே முன்தள்ளி, வளைவின் உருவத்தை வரவழைத்தார்கள். ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் மெய்யான வளைவு டில்லியில் நிலைபெற ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1311-இல் எழுந்த அலாய் தர்வாஸாவில்தான் வளைவும் குவிமாடமும் தேர்ந்த கையின் வேலையாகக் காட்சி தருகின்றன.

1325-இல் மறைந்த கியாஸுத்தீன் துக்ளக்கின் அடக்கத்தலத்தைப் பாருங்கள். வளைவு இருக்கிறது, அதற்குக் கீழே நம் தச்சர்கள் நம்பிய கல் உத்தரமும் இருக்கிறது. குவிமாடத்தின் உச்சியிலோ கோயில் விமானத்தை நினைவூட்டும் கலசம்! 1368-இல் இடி விழுந்து சிதைந்த குதுப் மினாரை ஃபிரோஸ் ஷா செப்பனிட்டார். அவ்வேலையைச் செய்தவர்கள் விசுவகர்மாவின் அருளால் அது முடிந்ததென நாகரி எழுத்தில் அந்த மினாரிலேயே பொறித்து வைத்தனர். சுல்தான் அதை அழிக்கச் சொல்லவில்லை. அதே ஃபிரோஸ் ஷாதான் அசோகரின் கல்தூண் ஒன்றைத் தோப்ராவிலிருந்து வருவித்துத் தம் கோட்டையில் நிறுத்தியவர்.

இனி, நாட்காட்டியில் இருக்கும் பள்ளிக்கு வருவோம். ஷாஜஹான் 1639-இல் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். 1648-இல் செங்கோட்டை நிறைவெய்தியது. 1650-இல் தொடங்கிய ஜும்ஆ மஸ்ஜித் 1656-இல் முடிந்தது. அது எதனால் ஆனது? அந்நாட்டுச் செம்மணற்கல்லாலும் வெண்பளிங்காலும் ஆனது. செங்கோட்டையின் பொதுமன்றத்தில் பேரரசர் வீற்றிருந்த மேடைக்கு மேலே வளைந்து நிற்கும் பளிங்குக் கூரை எங்கிருந்து வந்தது? வங்காளத்துக் குடியானவனின் மூங்கில் குடிசையிலிருந்து வந்தது! மழைநீர் வழிந்தோட அவன் வளைத்த கூரையை உலகின் பெருஞ்செல்வர் தம் தலைக்குமேல் பளிங்கில் வைத்துக்கொண்டார். அவருக்கு அதனால் கௌரவம் குறையவில்லை.

ஆங்கிலேயன் வந்தான். 1857-க்குப் பின் செங்கோட்டையின் உட்பகுதியில் பெரும்பங்கை இடித்துத் தள்ளினான். ஜும்ஆ மஸ்ஜிதையும் பறித்து வைத்திருந்து 1862-இல்தான் திருப்பித் தந்தான். பிறகு 1911 டிசம்பர் 12 அன்று தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தான். புதுடில்லியை வகுத்த லட்யென்ஸ், இந்தியக் கட்டடக்கலை என ஒன்று உண்டென்பதையே ஒப்ப மனமில்லாதவர். இருந்தும் 1931-இல் அந்நகர் திறக்கப்பட்டபோது, வைஸ்ராய் மாளிகையின் நடுக் குவிமாடம் சாஞ்சித் தூபியின் சாயலில் நின்றது. வெயிலைத் தடுக்கச் சஜ்ஜா வேண்டியிருந்தது. காற்றுக்குக் கல் ஜாலி வேண்டியிருந்தது. ஆணவம் மிக்க ஏகாதிபத்தியமும் இம்மண்ணின் வெயிலுக்கு முன்னே தலைகுனிந்தது. அம்மாளிகைதான் இன்று குடியரசுத் தலைவர் உறையும் ராஷ்டிரபதி பவன்.

ஆக, டில்லி நமக்குச் சொல்லும் பாடம் யாது? அங்கே நிலைத்து நிற்பவை அனைத்தும் உள்ளூர்க் கல்லை எடுத்தவை. உள்ளூர்க் கையை நம்பியவை. உள்ளூர் வெயிலையும் மழையையும் மதித்தவை. டில்லியைப் போலக் கட்டுவதென்றால் இக்குணத்தைப் பின்பற்றுவதே பொருள். உருவத்தை மட்டும் நாட்காட்டியிலிருந்து சிமெண்டில் வார்ப்பது குணத்தை விட்டுவிட்டுக் குப்பாயத்தை இரவல் வாங்குவதாகும்.

"குவிமாடம் இல்லாமல் பள்ளிவாசலா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். அண்ணலார் (ஸல்) மதீனாவில் கட்டிய பள்ளியில் குவிமாடம் இருந்ததா? மினாரா இருந்ததா? பேரீச்ச மரங்களே தூண்கள். பேரீச்ச ஓலையே கூரை. அந்த மண் கொடுத்ததைக் கொண்டு அந்த மண்ணில் எழுந்த பள்ளி அது. பிலால் (ரலி) உயரமான ஒரு வீட்டுக் கூரைமீது நின்று பாங்கு சொன்னார்கள். குவிமாடமும் மினாராவும் பின்னர் வந்தவை. அவை அழகியவை; ஆனால் மார்க்கத்தின் கடமை அல்ல.

நம் முன்னோர் இதை நன்குணர்ந்திருந்தனர். தொழுமிடத்துக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: பள்ளிவாசல்! சமணரும் பௌத்தரும் தங்கள் உறைவிடத்துக்கு வழங்கிய பழந்தமிழ்ச் சொல் பள்ளி. தொழுகை, நோன்பு என்று வணக்கங்களுக்கும் தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்ட அவர்கள், கட்டடத்துக்கும் தமிழ்க் கல்லையே எடுத்தாண்டார்கள். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களைச் சென்று பாருங்கள். கோயில் மண்டபம் செய்த அதே உளி. உருவங்களுக்கு மாறாகப் பூவும் கொடியும். மார்க்கமும் காக்கப்பட்டது, மண்ணும் காக்கப்பட்டது.

எடுப்பவனும் கொடுப்பவனும் எல்லாப் பக்கமும் இருந்தனர். திருமலை நாயக்கர் மதுரையில் 1636-இல் எழுப்பிய அரண்மனையில் வளைவுகளும் குவிமாடமும் சுதையில் ஒளிர்கின்றன. அவர் பெயரால் திருவில்லிபுத்தூரிலும் ஓர் அரண்மனை உண்டு. நாயக்கர் வளைவை ஏற்றதனால் தம் சமயத்தை இழந்தாரா? பிறகு நாம் உத்தரத்தை ஏற்றதனால் எதை இழந்தோம்?

இங்கே இன்னொரு சாராரையும் குறிப்பிட வேண்டும். டில்லியின் குவிமாடங்களைக் காட்டி, "இவை அந்நியரின் சின்னங்கள், இவர்கள் வந்தேறிகள்" என்று பேசுவோர் இன்று பெருகிவிட்டனர். அவர்களும் நாட்காட்டிப் பெரியவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். முஸ்லிம் என்றால் குவிமாடம், குவிமாடம் என்றால் வெளியிலிருந்து வந்தது என்று இருவருமே எண்ணுகின்றனர். ஒருவர் அதை வெறுக்கிறார், மற்றவர் அதை விரும்புகிறார், வேறுபாடு அவ்வளவே. அந்த வசைக்கு மறுமொழியாக இந்நாட்டில் நம்மிடம் இருக்கும் சான்றுகளுள் தலையாயது எது? மேடைப்பேச்சா? அன்று. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்கெட்டும் தொலைவில், அக்கோபுரத்தை ஈன்ற அதே கல்தச்சு மரபில் நிற்கும் நம் பள்ளியின் தூண்களே! "மண்டபமா?" என்று வழிப்போக்கன் கேட்டால் நாணுவானேன்? "ஆம் ஐயா, இது எங்கள் மண்டபம், இம்மண்ணில் நாங்கள் எத்தனை காலமாகத் தொழுகிறோம் என்பதை இது சொல்லும்" என்றல்லவா விடையிறுக்க வேண்டும்? அத்தூணை நாமே கடப்பாரையால் பெயர்த்துவிட்டு, பின்னர் நம் தொன்மைக்குச் சான்றில்லையே என்று வருந்துவது அறிவுடைமையா?

இடம் போதவில்லை என்பது உண்மையான குறை. ஜும்ஆ நாளில் வெயிலில் நிற்பவர்களை நானும் கண்டேன். ஆனால் விரிப்பதற்கு இடிக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் 785-ஆம் ஆண்டளவில் தொடங்கிய கொர்தோவாப் பெரும்பள்ளியைப் பின்வந்த ஆட்சியாளர்கள் மும்முறை பெருக்கினர். ஒவ்வொருவரும் பழைய தூண் வரிசையைத் தொடர்ந்தே நீட்டினர். முன்னோர் கட்டியதை அழிக்கவில்லை. அதுபோலப் பழைய பள்ளியை உட்பள்ளியாக வைத்து, முன்னும் பக்கவாட்டிலும் விரித்தால் என்ன? ஒழுகும் தளத்தைச் சுண்ணாம்புக் காரையால் செப்பனிட வல்ல கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பி துருவேறினால் சிமெண்ட் வெடிக்கும். கருங்கல்லுக்கு அந்நோய் இல்லை. குவிமாடங்களுக்குக் கொட்டவிருக்கும் பணத்தில் மதரஸாவுக்கு ஒரு நூலகமே அமைத்துவிடலாம்.

நான் பேசி முடித்ததும் பெரியவர் நாட்காட்டியைச் சுருட்டிக்கொண்டார். முடிவெடுக்காமல் அடுத்த ஜும்ஆவுக்கு ஒத்திவைத்தனர். அந்த முடிவு என்னவாகும் என்பது அவ்வூரார் கையில் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்கள் ஊரிலும் ஒரு கல் பள்ளி இருக்கலாம். கடப்பாரை விழுமுன் ஒருமுறை உள்ளே சென்று, அத்தூணின்மீது கைவைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். அவன் டில்லிக்கு என்றேனும் போவான். ஜும்ஆ மஸ்ஜிதைக் கண்டு மகிழ்வான். திரும்பி வரும்போது அவனுடைய ஊரில் அவனுடைய பள்ளி இருக்க வேண்டாமா?