புதுத் தளமும் மந்தக் கணனியும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றது. விண்டோஸ் 11க்கு மாறிய வீடுகள் பலவற்றில், "நேற்றுவரை ஓடிய கணனி இன்று ஆமையாய் ஊர்கிறதே" என்ற முறையீடு எழுந்தது. வட்டுக்கோட்டையிலே பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கணனி வாங்கிய பெற்றோருக்கு இது அற்பக் கவலையன்று.

யாழ்ப்பாணக் கல்லூரி நூலகம் போன்ற ஒன்றைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினால், நூலகர் முதலில் எதைச் செய்வார்? அட்டவணையைத் திருத்துவதிலேயே மூழ்கியிருப்பார். கணனியும் அவ்வாறே கோப்புகளுக்குச் சுட்டி எழுதுகிறது, திருத்தங்களை இறக்குகிறது. ஒருநாள் முழுவதும் அதனை அணைக்காது விடுங்கள். பல மந்தங்கள் அதனுடனேயே தீரும்.

தீரவில்லையெனில், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்திப் பாருங்கள். தோன்றும் பட்டியலில் தட்டு ஓயாது 100 வீதத்தில் நின்றால், சுழலும் பழைய வன்தட்டே பெரும்பாலும் காரணம். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் கிழக் கணனியும் துள்ளும். புதியது வாங்கும் செலவும் மிஞ்சும். நினைவகம் நிரம்பியிருப்பின், விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவு 4 ஜிகாபைட் என்பதைக் கவனியுங்கள். அது உயிர் தாங்கும் கஞ்சி மாத்திரமே. 8 இருந்தால் நன்று. கணனியைத் திறந்ததும் தாமாக எழும் செயலிகளையும் நிறுத்துங்கள். விரைவுபடுத்துவோம் என விளம்பரம் செய்யும் இலவசச் செயலிகளையோ அண்டவிடாதீர்கள்.

தட்டை மாற்றுமுன் பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறிடத்திற் படியெடுத்து வையுங்கள்.