சபை நமக்கு, சாவி கொழும்புக்கு!

பிரதேச அபிவிருத்திச் சபைக்கு அரசாங்கம் நிதியும் அதிகாரமும் அளிக்க வேண்டுமென்று தமிழ் பேசும் மக்கள் கேட்டால், நாட்டைக் கூறுபோடுகின்றார்கள் என்று கூச்சல் எழுகின்றது. அந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்தவர்கள் யார்? 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தினால் கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவிய டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கமல்லவா?

அந்தச் சபைக்கு என்ன குறை வைத்தார்கள்? பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரத்தை எழுப்பினார்கள். நிலம் கொடுத்தார்கள், நிதி கொடுத்தார்கள், காடு வெட்டவும், வாய்க்கால் அமைக்கவும், குடியேற்றவும் அதிகாரம் கொடுத்தார்கள். ஒன்றைமட்டும் கொடுக்கவில்லை. காணி யாருக்கு என்று சொல்லும் உரிமையை மட்டக்களப்பு மக்களுக்குக் கொடுக்கவில்லை. 1956 ஜூனில் அதே கல்லோயாவில் தமிழரின் இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பின் தென்பாகம் அம்பாறை என்ற தனி மாவட்டமாயிற்று. அங்கு வந்து மண்வெட்டி பிடித்த ஏழைச் சிங்களக் கமக்காரனோடு நமக்குப் பகையில்லை. காணியைப் பங்கிட்ட கையோடுதான் நமது வழக்கு.

1957 ஜூலை 26ஆந் தேதி கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், மீன்பிடி, நீர்த்திட்டம், வீதி ஆகியன பிரதேச சபைகளுக்கு. காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் உரிமையும் அவற்றுக்கே. மத்திய அரசாங்கம் மொத்த மானியம் வழங்கும். வரி விதிக்கவும் கடன் பெறவும் சபைகளுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கல்லோயாச் சபையின் நிருவாகத்திலிருந்த பகுதியின் நிலைமட்டும் ஆலோசிக்கப்பட வேண்டியது என்று விடப்பட்டது. நோய் எங்கே இருந்தது என்பதற்கு அந்த ஒரு வாசகமே சாட்சி.

1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கா வாக்களித்த மாவட்ட சபைகள் பிறக்கவேயில்லை. 1981இல் தேர்தல் கண்ட மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பிறந்தும் வாழவில்லை.

1987இல் வந்தது பதின்மூன்றாவது திருத்தம். மாகாண சபை நிரலில் 9ஆம் விடயம் விவசாயமும் கமநல சேவையும்; 10ஆம் விடயம் கிராம அபிவிருத்தி. எழுத்து இருக்கின்றது. செயல் எங்கே? அத்திருத்தம் விதித்த தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2012இல் திவிநெகும மசோதா வந்தபோது, சமுர்த்தி அதிகார சபையையும் தெற்கு, உடரட்ட அபிவிருத்தி அதிகார சபைகளையும் விழுங்கி, கிராம அபிவிருத்தியைக் கொழும்பில் ஒரே திணைக்களமாக்க முனைந்தார்கள். வடக்கில் அன்று சபையே இல்லை. ஆளுநரிடம் சம்மதம் வாங்கினார்கள். ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்று உயர் நீதிமன்றம் கூறிற்று. அரசாங்கம் திருந்திற்றா? இல்லை. 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் மசோதாவை நிறைவேற்றிற்று.

அன்று நீதிமன்றம் ஏற்காத ஆளுநர் ஆட்சியே பின்னர் வழமையாயிற்று. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும், வடக்கின் காலம் 2018 ஒக்ரோபரிலும் முடிந்தன. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. ஆண்டுக்கணக்கில் ஆளுநரே சபையாக இருந்தார்.

“வீதி போடுகின்றார்களே, பணம் வருகின்றதே” என்பார் சிலர். வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரன் வாய்க்கால் உடைந்தால் யாரைக் கேட்பான்? வலிகாமத்தில் வெங்காயம் நட்டவன் விலை விழுந்தால் யாரைத் தட்டிக் கேட்பான்? வாக்குக் கேட்டு வந்தவனையல்லவா வாசலில் நிறுத்திக் கேட்கலாம்!

நமது சபையினரும் குற்றமற்றவர்களல்லர். 2017 ஜூனில் முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று தமக்குள் மோதிப் பொன்னான காலத்தை வீணாக்கியதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தவறிய பிரதிநிதியை வாக்கினால் நீக்கலாம். ஆளுநரை நீக்க எந்த வாக்குப் பெட்டி இருக்கின்றது?

ஆகவே நமது கோரிக்கை மூன்று. மாகாண சபைத் தேர்தல் காலந்தவறாது நடத்தப்படல் வேண்டும். 1957இல் ஒப்புக்கொண்ட மொத்த மானியம், அமைச்சரின் தயவில் தங்காது, சட்டத்தினால் நிர்ணயிக்கப்படல் வேண்டும். தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படல் வேண்டும்.

கமக்காரர்களே! மகஜர் எழுதத் தெரியாதென்று ஒதுங்காதீர்கள். சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! உங்கள் கமக்காரர் அமைப்பில் சென்று அமர்ந்து அந்த மகஜரை எழுதிக் கொடுங்கள். கல்லோயாச் சபைக்குக் கொடுக்கப் பணமும் மனமும் இருந்த நாட்டில், மக்கள் தெரிந்த சபைக்குக் கொடுக்கமட்டும் இல்லையென்றால், அது வறுமையன்று, வஞ்சகம்.